புயலுக்குப் பெயர் வைத்த மாலுமி

குட்டீஸ், பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? சென்னையில் மெரினாவுக்குத் தெற்கே, சாந்தோமைத் தாண்டினால் வருமே, அதுதான். அங்கே நின்று வடக்கே பார்த்தால் கலங்கரை விளக்கம் தெரியும். தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் சீனிவாசபுரம். அதற்கப்புறம் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம்.

நவம்பர், டிசம்பர் மாதம் வந்தால் டிவியில் அடிக்கடி ஒரு செய்தி வரும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, அது வலுப்பெற்றுப் புயலாக மாறலாம், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்பார்கள். அதைக் கேட்டதும் உங்களுக்கு முதலில் தோன்றுவது, நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா என்பதுதான். (எனக்கும் உங்கள் வயதில் அதுதான் தோன்றும்!) ஆனால் பட்டினப்பாக்கத்தில் அந்த நேரம் வேறு வேலை நடக்கும். ஃபைபர் படகுகளை மேட்டுப் பக்கம் இழுத்து வருவார்கள். என்ஜினைக் கழற்றிப் பத்திரப்படுத்துவார்கள். வலைகளை அள்ளி மூட்டையாகக் கட்டுவார்கள்.

இத்தனைக்கும், அப்போது கடலைப் பார்த்தால் புயல் கண்ணில் படாது. அது நானூறு, ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நடுக்கடலில் இருக்கும். கண்ணுக்கே தெரியாத ஒன்று எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, பலம் கூடுகிறதா குறைகிறதா என்றெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்?

இன்றைக்குப் பதில் சுலபம். மேலே இன்சாட் செயற்கைக்கோள்கள் படம் எடுத்து அனுப்புகின்றன. சென்னைத் துறைமுகத்தில் 2002-ஆம் ஆண்டு டாப்ளர் ரேடார் வைத்தார்கள். நடுக்கடலில் மிதவைகள் நின்று காற்றையும் அழுத்தத்தையும் அளக்கின்றன. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் அவற்றை மிதக்கவிட்டுப் பராமரிக்கிறார்கள்.

சரி, இவை எதுவும் இல்லாத காலத்தில்?

1839-ஆம் ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் இல்லை, ரேடியோ இல்லை. இந்தியாவில் ஊர்களை இணைக்கும் தந்திச் சேவைகூட அப்போது வரவில்லை. சென்னையில் புயல் அடித்தால் அந்தச் செய்தி கல்கத்தாவுக்குப் போய்ச் சேரப் பல நாள் ஆகும். அப்படிப்பட்ட காலத்தில், கல்கத்தாவில் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து, நம் வங்கக் கடலில் வந்த புயல்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார் ஒருவர். சென்னையைத் தாக்கிய புயலும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் சைக்ளோன் என்கிறோமே, அந்தச் சொல்லையே உண்டாக்கியவர் அவர்தான்.

அவர் பெயர் ஹென்றி பிடிங்டன்.

1797-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் பிறந்தவர். இளம் வயதிலேயே வணிகக் கப்பலில் சேர்ந்துவிட்டார். இந்தியப் பெருங்கடல், சீனக் கடல் என்று பல கடல்களைச் சுற்றிக் கப்பல் தலைவராகவும் உயர்ந்தார். பிறகு கடல் வாழ்க்கை போதும் என்று கல்கத்தாவில் தங்கிவிட்டார்.

கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய விஞ்ஞானி என்று அவரை நினைத்துவிடாதீர்கள். ஆனால் எதைப் பார்த்தாலும் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. இந்தியத் தாவரங்களின் பெயர்களைத் தொகுத்து 1832-இல் ஒரு புத்தகம் போட்டார். கல்லும் மண்ணும் கனிமமும் வைத்திருந்த ஓர் அருங்காட்சியகத்துக்குக் காப்பாளராக இருந்தார். செடி, கல், மண் என்று போய்க்கொண்டிருந்தவரைப் புயல் பக்கம் திருப்பியது ஒரு புத்தகம்.

அதற்கு முன்னால், அந்தக் காலத்து மக்கள் புயலைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்வோம். ரயில் வருவதுபோல, காற்று ஒரு பக்கத்திலிருந்து நேராக வேகமாக வந்து அடிக்கிறது, அவ்வளவுதான் என்றே பலரும் நினைத்தார்கள். வடக்கிலிருந்து காற்று அடித்தால் புயல் வடக்கில் இருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். கப்பல் தலைவர்களில் பலரும் அப்படித்தான். அந்தக் கணக்கை நம்பியே எத்தனையோ கப்பல்கள் மூழ்கியிருக்கின்றன.

இந்தக் கணக்கு தவறு என்று சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் வேலை பார்த்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்த கர்னல் ஜேம்ஸ் கேப்பர். நம் சோழமண்டலக் கரையில் அடித்த புயல்களைக் கவனித்து, அவை சுழல்காற்றுகளே என்று 1801-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். அதை அப்போது பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அமெரிக்காவில் 1821-இல் ஒரு புயல் அடித்தது. அது ஓய்ந்தபின் வில்லியம் ரெட்ஃபீல்ட் என்பவர் அந்தப் பகுதி வழியாகப் பயணம் போனார். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. ஓர் ஊரில் மரங்களின் தலை எல்லாம் ஒரு திசையில். இன்னும் கொஞ்ச தூரம் போனால், அதே புயலில் விழுந்த மரங்களின் தலை நேர் எதிர்த் திசையில்! நேராக அடிக்கும் காற்று இப்படிச் செய்யுமா? சுழன்று அடித்தால்தானே செய்யும்? ரெட்ஃபீல்ட் இதை 1831-இல் எழுதி வெளியிட்டார். அதைப் படித்த வில்லியம் ரீட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இன்னும் நிறையக் கப்பல் குறிப்புகளைச் சேர்த்து 1838-இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார்.

அந்தப் புத்தகம்தான் பிடிங்டன் கைக்கு வந்தது. மேற்கிந்தியத் தீவுப் பக்கம் வரும் புயல் இப்படிச் சுழல்கிறது என்றால், வங்கக் கடலில் வரும் புயல் எப்படி? பார்த்துவிடலாம் என்று இறங்கினார்.

ஆனால் புயலைப் போய் எங்கே பார்ப்பது? அதற்குள் போனவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு கப்பலிலும் ஒரு நாட்குறிப்பு இருக்கும். இன்ன நேரம், இன்ன இடம், காற்று எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகம், பாரமானி என்ன காட்டியது என்று நேரப்படி எழுதுவார்கள். உயிர் போகிற புயலிலும் யாராவது ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். கப்பல் கரை சேர்ந்ததும் அந்த நோட்டு ஒரு மூலையில் கிடக்கும். பிடிங்டனுக்கு அந்த நோட்டுகள்தான் வேண்டியிருந்தன.

1839 ஜூன் மாதம் வங்கக் கடலில் ஒரு புயல் வந்தது. அதில் மாட்டித் தப்பிய கப்பல்களின் குறிப்புகளை எல்லாம் கேட்டு வாங்கினார். அரசாங்கமும் உதவிக்கு வந்தது. புயல் அடித்தால் அதைப் பற்றிக் குறித்து அனுப்பும்படி கடற்கரை அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை போயிற்று. கல்கத்தாவில் இருந்த ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் பிடிங்டனின் முதல் புயல் கட்டுரை வெளியானது. அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள்!

நோட்டுகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் கடலில், அதாவது பூமியின் வடபாதியில், புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். இதை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு கப்பல் சென்னைக்கு அருகில் நிற்கிறது. அங்கே காற்று வடக்கிலிருந்து வீசுகிறது. அப்படியானால் அந்தக் கப்பல் புயலுக்கு மேற்கே இருக்கிறது. புயலின் மையம் கப்பலுக்கு நேர் கிழக்கே இருக்கிறது. சென்னையிலிருந்து கிழக்கே ஒரு கோடு போடுங்கள். அதே நேரத்தில் இன்னொரு கப்பல் திரிகோணமலைக்கு வடகிழக்கே நடுக்கடலில் போகிறது. அதற்கு மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. அப்படியானால் மையம் அந்தக் கப்பலுக்கு வடக்கே. அங்கிருந்து வடக்கே ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அங்கேதான் புயலின் மையம்!

மறுநாள் குறிப்புகளை வைத்து இதேபோல இன்னொரு புள்ளி. அதற்கு மறுநாள் இன்னொன்று. புள்ளிகளைச் சேர்த்தால் புயல் வந்த பாதை கிடைத்துவிடும். இரண்டு புள்ளிக்கு நடுவில் எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று பார்த்தால் அது நகர்ந்த வேகமும் கிடைத்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு கப்பலின் கடிகாரம் தப்பாக ஓடியிருக்கும். இன்னொரு கப்பல் தான் எங்கே இருக்கிறோம் என்பதையே தப்பாகக் கணக்கிட்டிருக்கும். மேகம் மூடியிருக்கும்போது சூரியனையோ நட்சத்திரத்தையோ பார்த்து இடம் அறிய முடியாதல்லவா? எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று பிடிங்டன் ஒவ்வொரு குறிப்பையும் மற்றவற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கப்பலில் வேலை செய்தவர் என்பதால் அது அவருக்கு முடிந்தது.

அந்த முதல் புயலுக்கு ஐந்து மாதம் கழித்து, 1839 நவம்பரில், கோரிங்கா என்ற துறைமுக ஊரைப் புயல் அழித்தது. இன்றைய ஆந்திராவில் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் அது. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. காற்றைவிடக் கடல்தான் அங்கே அதிகம் பேரைக் கொன்றது. கடல் நீர் சுவர்போல எழும்பி ஊருக்குள் புகுந்தது. அதே ஊரில் 1789-இலும் இப்படி நடந்து, சுமார் 20 ஆயிரம் பேர் இறந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. பிடிங்டன் தன் இரண்டாவது கட்டுரையைக் கோரிங்கா புயலைப் பற்றித்தான் எழுதினார். புயல் காற்று கடல் நீரைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டே வருகிறது. கரையோரம் ஆழம் குறைவாகவும் நிலம் தாழ்வாகவும் இருந்தால் அந்த நீருக்குப் போக்கிடம் இல்லை, ஊருக்குள்தான் வரும். இதை அவர் மறக்கவே இல்லை. பின்னால் இதற்கு ஒரு வேலை வரப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

(2004 டிசம்பர் 26-ஆம் தேதி பட்டினப்பாக்கத்தையும் சீனிவாசபுரத்தையும் தாக்கிய சுனாமி இதுதானா என்று நீங்கள் கேட்கலாம். அது வேறு. சுனாமி கடலுக்கடியில் ஏற்படும் பூகம்பத்தால் வருவது. இது காற்று தள்ளிவரும் நீர்.)

1843 மே மாதம் சென்னையையும் மசூலிப்பட்டினத்தையும் தாக்கிய புயலைப் பற்றியும் பிடிங்டன் எழுதினார். அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் மசூலா படகில் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். புயல் வரும்போல இருந்தால் கரையில் கொடி ஏற்றுவார்கள். உடனே கப்பல்கள் நங்கூரக் கயிற்றை விட்டுவிட்டு நடுக்கடலுக்கு ஓட வேண்டும். கரைக்குப் பக்கத்தில் நின்றால் அலை தூக்கிக் கரையில் அடித்துவிடும். எந்தப் பக்கம் ஓடுவது? அதுதான் கேள்வி. தப்பான பக்கம் ஓடினால் புயலின் நடுவிலேயே போய் விழ வேண்டியதுதான்.

பிடிங்டன் வரைந்த பாதைகள் எல்லாம் புயல் ஓய்ந்த பிறகு வரைந்தவை. அதை வைத்து முடிந்துபோன புயலிலிருந்து யாரையும் காப்பாற்ற முடியாது. ஆனால் பழைய புயல்கள் எப்படிச் சுழன்றன, எப்படி நகர்ந்தன என்று தெரிந்துவிட்டால், அடுத்த புயலில் மாட்டும் கப்பல் தலைவர் தன் ஒரே கப்பலில் நின்றபடி மையம் எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். அதற்காகத்தான் அவ்வளவு பாடு.

அந்த வித்தை உங்களுக்கும் வேண்டுமா? காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் இடது கைப் பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி, புயலின் மையம் இருக்கிறது. பாய்ஸ் பாலட் என்ற டச்சு விஞ்ஞானி 1857-இல் இதை ஒரு விதியாகவே சொன்னார்.

இப்போது பட்டினப்பாக்கத்துக்கு வருவோம். ஆனால் புயல் நாளில் கடற்கரைக்கு ஓடிவிடாதீர்கள்! வீட்டு ஜன்னல் வழியாகத் தென்னங்கீற்று எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தால் போதும். வடக்கிலிருந்து வீசுவது வாடை. புயல் கிழக்கே கடலில் இருந்தால் முதலில் வாடைதான் வீசும். பிறகு அது கொண்டலாக, அதாவது கிழக்குக் காற்றாக மாறினால், புயல் நமக்குத் தெற்கே கடலூர் பக்கம் போகிறது. மேற்குக் காற்றாக மாறினால், நமக்கு வடக்கே ஆந்திரா பக்கம் போய்விட்டது. காற்று இரண்டு பக்கமும் திரும்பாமல், மணிக்கு மணி வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனால்? புயல் நேராக நம்மை நோக்கித்தான் வருகிறது.

1836 அக்டோபர் 30-ஆம் தேதி சென்னையில் அதுதான் நடந்தது. பிடிங்டன் இந்த வேலையைத் தொடங்குவதற்கு மூன்று ஆண்டு முன்பு. வடக்கிலிருந்து காற்று, மேலும் மேலும் பலமாக. நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக் கூடத்தில் பாரமானி இறங்கிக்கொண்டே போனது. வழக்கமாக 30 அங்குலத்தை ஒட்டி நிற்கும் பாதரசம் 28 அங்குலத்துக்குச் சற்று மேலே வரை இறங்கிவிட்டது. திடீரென்று காற்று நின்றது. ஓர் இலைகூட ஆடாத அமைதி. கொஞ்ச நேரம்தான். பிறகு நேர் எதிரே, தெற்கிலிருந்து, அதே வெறியோடு காற்று அடித்தது. புயலின் கண் ஊரைக் கடந்து போயிருந்தது.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்ததே, அப்போதும் இப்படித்தான். வடக்குப் பக்கமிருந்து அடித்த காற்று பிற்பகலில் ஓய்ந்தது. பிறகு தெற்குப் பக்கமிருந்து அடித்தது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த இடைவெளியில் புயல் முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கள் யாராவது இருப்பார்கள்.

பாரமானி என்றேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று நம்மை அழுத்தும் எடையை அளக்கும் கருவி அது. கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிற்கும். வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் நீராவி புயலுக்குத் தீனி. தீனி கிடைக்கக் கிடைக்க மையத்தில் காற்றழுத்தம் குறையும். சுற்றியுள்ள காற்று இன்னும் வேகமாக உள்ளே பாயும். ஆகவே பாதரசம் மெதுவாக இறங்கினால் புயல் தூரத்தில் இருக்கிறது. மடமடவென்று இறங்கினால் பக்கத்தில் வந்துவிட்டது, அல்லது பலம் கூடிவிட்டது. இன்று வானிலை ஆய்வு மையத்தார் காற்றின் வேகத்தை வைத்துப் படிப்படியாகப் பெயர் சொல்கிறார்கள். மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல். 118-ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல்.

பிடிங்டனுக்குக் கிடைத்த நாட்குறிப்புகளில் மிகவும் வேடிக்கையானது சார்லஸ் ஹெடில் என்ற கப்பலுடையது. (உள்ளே இருந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது!) 1845 பிப்ரவரியில் மொரீஷியஸ் தீவிலிருந்து புறப்பட்ட கப்பல் அது. புயலில் மாட்டியதும் அதன் தலைவர் காற்று போகிற போக்கிலேயே கப்பலை ஓடவிட்டார். கப்பல் பறந்தது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய ஐந்து நாள்! ஆயிரம் மைலுக்கு மேல் ஓடியிருக்கிறோம், வெகுதூரம் வந்திருப்போம் என்றுதானே தோன்றும்? பார்த்தால், மொரீஷியஸ் பக்கத்திலேயே இருந்தது. செக்கு மாடுபோலப் புயலைச் சுற்றி ஐந்து முறை வட்டமடித்திருந்தது கப்பல்.

அதன் நாட்குறிப்பை வரைபடத்தில் போட்டுப் பார்த்த பிடிங்டனுக்குக் கொண்டாட்டம். புயல் சுழல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? புயலே தன் கையால் கோலம் போட்டுக் காட்டியதுபோல் ஆயிற்று.

இப்போது பெயருக்கு வருவோம். அதுவரை இந்தக் காற்றுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேற்கிந்தியத் தீவுப் பக்கம் ஹரிக்கேன், சீனக் கடலில் டைஃபூன், மற்ற இடங்களில் வெறும் பெருங்காற்று. எல்லாமே சுழலும் காற்றுதான் என்பதால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு சொல் வேண்டும் என்று பிடிங்டன் யோசித்தார். வட்டம் என்று பொருள் தரும் பெயரை வைத்துவிடலாம். ஆனால் காற்று மிகச் சரியான வட்டத்தில்தான் சுற்றுகிறதா, அல்லது உள்நோக்கிச் சுருண்டு போகிறதா என்று அவருக்கு முழு உறுதி இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பெயரில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. கிரேக்க மொழியில் கிக்லோஸ் என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு வட்டம் என்ற பொருளும் உண்டு, பாம்பின் சுருள் என்ற பொருளும் உண்டு. அதிலிருந்து சைக்ளோன் என்ற சொல்லை உண்டாக்கினார். நீங்கள் ஓட்டும் சைக்கிளும் அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்!

காற்று உள்நோக்கிச் சுருண்டுதான் போகிறது என்று பின்னால் தெளிவாயிற்று. இன்று செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள், சுருண்டு படுத்த பாம்பேதான். அந்தப் படத்தைப் பார்க்காமலேயே பெயர் வைத்தவர் அவர். (நம் மொழியிலும் சுழல்காற்றைச் சூறை என்பார்கள், வளி என்றாலும் காற்றுதான். சூறாவளி என்ற பெயரிலேயே சுழற்சி இருக்கிறது.)

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வர்தா, மாண்டஸ், மிக்ஜாம் என்று ஒவ்வொரு புயலுக்கும் வைக்கும் பெயர் வேறு. நம் பக்கத்துக் கடல்களில் அது 2004-இல்தான் தொடங்கியது. சுற்றியுள்ள நாடுகள் பெயர்களைத் தருகின்றன. வர்தா பாகிஸ்தான் கொடுத்த பெயர். ரோஜா என்று பொருளாம்! பிடிங்டன் வைத்தது எல்லாச் சுழல் புயல்களுக்கும் பொதுவான பெயர்.

அந்தச் சொல் 1848-இல் அவர் மாலுமிகளுக்காக வெளியிட்ட புத்தகத்தில் இடம்பெற்றது. செய்லர்ஸ் ஹார்ன் புக் என்பது அதன் சுருக்கப் பெயர். ஹார்ன் என்றால் கொம்பு. அந்தக் காலத்து இங்கிலாந்துக் குழந்தைகள் எழுத்துப் படிக்கும் அட்டைக்கு ஹார்ன் புக் என்று பெயர். தாள் கிழியாமல் இருக்க, மாட்டுக் கொம்பை மெல்லிய தகடாகச் செய்து அதன் மேல் மூடியிருப்பார்கள். ஆக, மாலுமிகளின் அரிச்சுவடி என்று அர்த்தம். அதோடு, நிஜமாகவே இரண்டு கொம்புத் தகடுகளும் அந்தப் புத்தகத்தோடு வந்தன! கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் தகட்டில் வட்டங்களும், காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறிகளும் இருக்கும். கப்பல் தலைவர் தன் கடல் வரைபடத்தின் மேல் அந்தத் தகட்டை வைத்து, தன் கப்பலுக்கு அடிக்கும் காற்றும் தகட்டின் அம்பும் ஒத்துப்போகும்வரை நகர்த்துவார். ஒத்துப்போனதும் வட்டத்தின் நடுவைப் பார்த்தால் புயலின் மையம்! தகடு ஏன் இரண்டு? பூமியின் வடபாதியில் சுற்றுவதற்கு நேர் எதிராகத் தென்பாதியில் புயல் சுற்றும். ஆகவே அந்தப் பாதிக்கு ஒன்று, இந்தப் பாதிக்கு ஒன்று.

பிடிங்டனின் பெயர் கடலெங்கும் பரவியது. கப்பல் தலைவர்கள் அவர் பேச்சைக் கேட்டார்கள். ஆனால் கேட்காதவர்களும் இருந்தார்கள்.

கல்கத்தா ஹூக்ளி ஆற்றின் கரையில் இருக்கிறது. அந்த ஆற்றில் வண்டல் சேர்ந்து, பெரிய கப்பல்கள் வர முடியாமல் போய்விடுமோ என்று அரசாங்கத்துக்குக் கவலை. அதனால் தென்கிழக்கே, சுந்தரவனக் காட்டின் ஓரத்தில், மாட்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்டலாம் என்று முடிவு செய்தார்கள். ஆறு ஆழமானது, அகலமானது, கடலுக்கும் பக்கம். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிடிங்டன் மட்டும் பதறினார். தாழ்வான நிலம், வாயைத் திறந்து வைத்ததுபோல் கடலைப் பார்த்திருக்கும் ஆறு. கோரிங்கா அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். 1853-இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசி பிரபுவுக்கே ஒரு கடிதம் எழுதி, அதை அச்சிட்டும் வெளியிட்டார். ஒருநாள் புயலின் நடுவே உப்புநீர் மலைபோலத் திரண்டு வந்து, அந்த இடத்தை 5 அடி முதல் 15 அடி ஆழம் வரை மூழ்கடிக்கும் என்று எச்சரித்தார். எந்த நாள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. வரும் என்று மட்டும் சொன்னார்.

வேலை நிற்கவில்லை. 1858 ஏப்ரலில் பிடிங்டன் காலமானார்.

துறைமுகம் வளர்ந்தது. அதற்குக் கேனிங் பிரபுவின் பெயரை வைத்தார்கள். கல்கத்தாவிலிருந்து ரயில் பாதை போட்டார்கள். கப்பல் துறைகள், சரக்குக் கொட்டகைகள், ரயில் நிலையம், ஹோட்டல் எல்லாம் வந்தன. நடுவில் 1864 அக்டோபரில் கல்கத்தாவையே ஒரு பெரும் புயல் தாக்கிப் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு வந்தது. இந்திய வானிலைத் துறை 1875-இல் தொடங்கியதற்கும் அந்தப் புயல் ஒரு காரணம். ஆனால் கேனிங் துறைமுக வேலை மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

1867 நவம்பர் முதல் தேதி இரவு புயல் வந்தது. கோரிங்கா அளவுக்குப் பெரிய புயல்கூட இல்லை. அது தள்ளி வந்த கடல் நீர் சுமார் 6 அடி உயரம்தான். பிடிங்டன் சொன்ன கணக்கில் அது கீழ்ப்படி! அதற்கே ரயில் நிலையம் விழுந்தது, சரக்குக் கொட்டகைகள் விழுந்தன, ஹோட்டல் விழுந்தது. குடிநீர்க் குளங்கள் உப்பாயின. சில ஆண்டுகளில் அந்தத் துறைமுகத்தையே கைவிட்டுவிட்டார்கள்.

இன்றும் கொல்கத்தாவின் சியால்தா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கேனிங் போகலாம். ஊர் இருக்கிறது. கடைத்தெரு இருக்கிறது. சுந்தரவனம் பார்க்கப் போகிறவர்கள் அங்கே இறங்குகிறார்கள். துறைமுகம் மட்டும் இல்லை.